புள்ளியியல் கேள்வி–பதில்: கருதுகோள் சோதனை

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கருதுகோள் சோதனையைப் பற்றியவை. ஒரே ஐயத்தைப் பலர் வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்ததால், ஒத்த கேள்விகளை ஒன்றாக இணைத்துப் பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி: நான் உளவியல் முதுகலை மாணவி. ஒரு புதிய பயிற்சி நினைவாற்றலைக் கூட்டுகிறது என்று காட்ட விரும்புகிறேன். ஆனால் "பயிற்சியால் எந்த மாற்றமும் இல்லை" என்ற கூற்றிலிருந்தே தொடங்க வேண்டும் என்கிறார் என் வழிகாட்டி. நான் நம்பாத ஒன்றை எதற்காக எடுத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: நீங்கள் நம்பும் கூற்றை வைத்துக்கொண்டு நேரடியாகக் கணக்குப் போட முடியாது என்பதுதான் காரணம். "நினைவாற்றல் கூடுகிறது" என்றால் எவ்வளவு கூடுகிறது? ஒரு மதிப்பெண்ணா, பத்தா, ஒன்றில் பத்தில் ஒரு பங்கா? அந்தக் கூற்றுக்குள் எண்ணற்ற சாத்தியங்கள் அடங்கியிருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு விளைவுகளை எதிர்பார்க்கச் சொல்லும். "மாற்றமே இல்லை" என்ற கூற்றுக்கோ ஒரே பொருள்தான்: வேறுபாடு சுழியம். அதை எடுத்துக்கொண்டால், தற்செயலால் மட்டும் எந்தெந்த விளைவு எத்தனை முறைக்கு ஒருமுறை வரும் என்று துல்லியமாகக் கணக்கிடலாம். இதை இன்மைக் கருதுகோள் என்றும், நீங்கள் காட்ட விரும்புவதை மாற்றுக் கருதுகோள் என்றும் அழைக்கிறோம். இன்மைக் கருதுகோளை எடுத்துக்கொள்வது அதை நம்புவதற்காக அல்ல. கிடைத்த தரவோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்காக.

இதை விளக்குவதற்குப் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1935-இல் எழுதிய எடுத்துக்காட்டைவிடத் தெளிவான ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை. 1920களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் அவருடன் பணியாற்றிய மியூரியல் பிரிஸ்டல் என்ற பாசியியல் அறிஞர், கோப்பையில் முதலில் ஊற்றப்பட்டது பாலா, தேநீரா என்பதைச் சுவைத்தே சொல்லிவிட முடியும் என்றார். ஃபிஷர் விவரிக்கும் சோதனையில் எட்டுக் கோப்பைகள்; நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். வரிசையைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, நான்குக்கு நான்கு என்பதைச் சுவைப்பவரிடம் முன்னரே சொல்லி, பால் முதலில் ஊற்றப்பட்ட நான்கையும் பிரித்தெடுக்கச் சொல்ல வேண்டும். அவருக்கு அந்தத் திறன் இல்லை என்பதே இன்மைக் கருதுகோள்.

எட்டிலிருந்து நான்கைத் தெரிவுசெய்ய 70 வழிகள் உள்ளன. திறன் இல்லாதவர் வெறும் ஊகத்தில் நான்கையும் சரியாக எடுப்பதற்கான நிகழ்தகவு 70-இல் 1, அதாவது ஏறத்தாழ 1.4 சதவீதம். மூன்றைச் சரியாகவும் ஒன்றைத் தவறாகவும் எடுக்க 16 வழிகள் இருப்பதால், மூன்றோ அதற்கு மேலோ சரியாக அமைவதற்கான நிகழ்தகவு 70-இல் 17, ஏறத்தாழ 24 சதவீதம். எனவே நான்கும் சரியானால் ஊகம் என்ற விளக்கத்தை ஏற்பது கடினம். மூன்று மட்டும் சரியானால், அது ஊகத்திலேயே நான்கு முறைக்கு ஒருமுறை வரக்கூடியது என்பதால் எதையும் சொல்ல இயலாது.

இதில் பலர் கவனிக்கத் தவறுவது கோப்பைகளின் எண்ணிக்கையை. மொத்தம் நான்கே கோப்பைகள் வைத்திருந்தால் இரண்டைத் தெரிவுசெய்ய 6 வழிகள்தான். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாலும் ஊகத்துக்கு 6-இல் 1 வாய்ப்பு இருக்கும். அதாவது, உண்மையிலேயே திறனுள்ள ஒருவர் பிழையின்றிச் சொன்னாலும் அந்தச் சோதனை யாரையும் நம்ப வைக்காது. ஆறு கோப்பைகளென்றால் 20-இல் 1. ஒரு சோதனையால் எதைக் காட்ட முடியும், எதைக் காட்ட முடியாது என்பது முதல் கோப்பையைச் சுவைப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. உங்கள் பயிற்சிக்கு எத்தனை பேரைச் சேர்க்கப்போகிறீர்கள் என்பதையும் இதே கண்ணோடு பாருங்கள். (அந்த அம்மையார் சரியாகச் சொன்னாரா என்பதை ஃபிஷர் தம் நூலில் எழுதவேயில்லை, அவருடைய அக்கறை சோதனையின் அமைப்பில்தான் இருந்தது.)

கேள்வி: என் ஆய்வில் பி-மதிப்பு 0.03 வந்தது. அப்படியானால் இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்க 3 சதவீத வாய்ப்புதான் உள்ளது, என் முடிவு 97 சதவீதம் உறுதி என்று எழுதலாமா?

பதில்: எழுதக் கூடாது. இந்தப் பிழையை மாணவர்கள் மட்டுமல்ல, அனுபவமுள்ள ஆய்வாளர்களும் செய்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இன்மைக் கருதுகோளும் கணக்கின் பிற அனுமானங்களும் மெய்யாக இருந்தால், நமக்குக் கிடைத்த அளவுக்கோ அதைவிட அதிகமாகவோ அவற்றோடு பொருந்தாத விளைவு வருவதற்கான நிகழ்தகவே பி-மதிப்பு. "மெய்யாக இருந்தால்" என்று தொடங்கும் ஒரு கணக்கிலிருந்து, "மெய்யாக இருக்கும் வாய்ப்பு என்ன" என்ற கேள்விக்கு விடை எடுக்க முடியாது. மருத்துவர்கள் அனைவரும் பட்டதாரிகள். அதனால் பட்டதாரிகள் அனைவரும் மருத்துவர்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் நிகழ்தகவு என்று வரும்போது, இதே தலைகீழ்ப் பாய்ச்சலைத் தயக்கமின்றிச் செய்துவிடுகிறோம்.

எண்களோடு பார்க்கலாம். ஒரு துறையில் 1,000 கருத்துகள் சோதிக்கப்படுகின்றன என்றும், அவற்றில் 100 மட்டுமே உண்மையில் பலனுள்ளவை என்றும் கொள்வோம். பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் ஏற்பது என்பது விதி. பலனுள்ள 100-இல் 80-ஐ அந்தச் சோதனைகள் பிடித்துவிடுகின்றன. இது நல்ல சோதனைகளுக்குரிய அளவு. பலனற்ற 900-இலிருந்து 5 சதவீதம், அதாவது 45, தற்செயலாகவே எல்லையைத் தாண்டி வந்துவிடும். ஆக, வெற்றி என்று அறிவிக்கப்படுபவை 125. அவற்றில் 45 பொய். தவறும் வாய்ப்பு 5 சதவீதம் என்று நினைத்திருந்த இடத்தில் அது 36 சதவீதமாக இருக்கிறது. சோதனையில் யாரும் ஏமாற்றவில்லை, கணக்கும் தவறில்லை. அந்தத் துறையில் பலனுள்ள கருத்துகள் அரிதாக இருந்தன என்பதும், பி-மதிப்புக்கு அது தெரிய வழியில்லை என்பதும் மட்டுமே காரணம்.

எனவே உங்கள் 0.03 உங்கள் முடிவின் உறுதியைச் சொல்லவில்லை. அந்த உறுதி, சோதனைக்கு முன்பே அந்தக் கருத்து எவ்வளவு நம்பத்தக்கதாக இருந்தது, வேறு ஆய்வுகளில் என்ன கிடைத்தது, அளவீடு எவ்வளவு சீரானது என்பவற்றையும் பொறுத்தது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் வலியுறுத்தியது: பி-மதிப்பு ஒரு கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவை அளப்பதில்லை.

கேள்வி: எல்லாப் பாடநூல்களிலும் 5 சதவீதம் என்றே உள்ளது. இந்த எண் எங்கிருந்து வந்தது? மாற்றலாமா?

பதில்: மாற்றலாம், ஆனால் தரவைப் பார்ப்பதற்கு முன். 1925-இல் வெளியான தம் நூலில் ஃபிஷர், 20-இல் 1 என்ற எல்லை வசதியானது என்று எழுதினார். மணி வடிவிலான இயல்நிலைப் பரவலில் சராசரியிலிருந்து 1.96 திட்டவிலக்கங்களுக்கு (திட்டவிலக்கம் என்பது மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவு) அப்பால் இருபுறமுமாக 5 சதவீதம் அமைகிறது, 1.96 ஏறத்தாழ 2 என்பதால் மனக்கணக்குக்கு எளிது. அதற்கு மேல் ஆழமான காரணம் எதுவும் இல்லை. எல்லாச் சூழலிலும் ஒரே எல்லையைப் பின்பற்றும் அறிவியலாளர் எவரும் இல்லை என்று அவரே 1956-இல் எழுதினார். பாடநூல்கள் முதல் கூற்றை மனப்பாடம் செய்துகொண்டு இரண்டாவதை மறந்துவிட்டன.

துறைகள் தத்தம் தேவைக்கேற்ப எல்லையை வைத்திருக்கின்றன. 2012-இல் ஹிக்ஸ் துகளை அறிவித்த இயற்பியலாளர்கள் ஐந்து சிக்மா, அதாவது ஐந்து திட்டவிலக்கங்கள், என்ற எல்லையைக் கோரினார்கள். அத்தகைய துகளே இல்லாத நிலையில் அந்த அளவு குறிப்பு தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ 35 இலட்சத்தில் 1. மரபணுத் தொகுதி முழுவதையும் துழாவும் ஆய்வுகளில் 2 கோடியில் 1 என்பது வழக்கம், ஏனெனில் அங்கு ஒரே ஆய்வில் ஏறத்தாழ பத்து இலட்சம் சோதனைகளுக்குச் சமமானவை நடக்கின்றன.

எல்லையை எங்கே வைப்பது என்பதைச் சிந்திக்க ஒரு முறையை 1933-இல் யெர்ஸி நெய்மனும் ஈகான் பியர்சனும் தந்தார்கள். இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்வது முதல் வகைப் பிழை. இருக்கும் வேறுபாட்டைக் காணத் தவறுவது இரண்டாம் வகைப் பிழை. மாதிரியின் அளவை மாற்றாமல் ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். நீரில் நச்சுப்பொருள் கலந்திருக்கிறதா என்று சோதிப்பவருக்கு இரண்டாம் வகைப் பிழையே ஆபத்தானது. அவர் 5 சதவீதத்தைத் தளர்த்தி 10 சதவீதமாக வைத்துக்கொண்டால் அதில் தவறில்லை. கடுமையான பக்கவிளைவு உடைய ஒரு மருந்தை ஏற்பதா என்று முடிவெடுப்பவர் 1 சதவீதமோ அதற்கும் குறைவோ கேட்பது நியாயம். எந்தப் பிழை அதிகம் வலிக்கும் என்பதைப் புள்ளியியல் சொல்லாது, துறையை அறிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

நெய்மனுக்கும் ஃபிஷருக்கும் இடையே இந்தச் சோதனைகளின் நோக்கம் பற்றியே கடுமையான கருத்து வேறுபாடு இருந்தது. ஃபிஷருக்குப் பி-மதிப்பு ஒரு சான்றின் அளவு. நெய்மனுக்குச் சோதனை என்பது நீண்டகாலத்தில் பிழைகளைக் கட்டுக்குள் வைக்கும் ஒரு முடிவெடுக்கும் விதி. இன்று வகுப்பறையில் கற்பிக்கப்படுவது இருவரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டாத ஒரு கலவை. மாணவர்களின் குழப்பத்தில் பாதிக்கு அவர்கள் பொறுப்பல்ல என்பது என் எண்ணம்.

கேள்வி: குழுவுக்கு 12 பேர் வைத்து இரண்டு கற்பித்தல் முறைகளை ஒப்பிட்டேன். பி-மதிப்பு 0.21. "இரு முறைகளுக்கும் வேறுபாடு இல்லை என நிரூபிக்கப்பட்டது" என்று எழுதச் சொல்கிறார்கள். சரியா?

பதில்: சரியன்று. "வேறுபாடு இருப்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை" என்பது வரைதான் நீங்கள் போகலாம். அதுவும் உங்கள் மாதிரி சிறியது என்பதைச் சேர்த்துச் சொன்ன பிறகு.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி சோதனைத் திறனைப் பற்றியது: உண்மையில் ஒரு வேறுபாடு இருந்திருந்தால் உங்கள் சோதனை அதைப் பிடித்திருக்குமா? இரு முறைகளின் சராசரிகளும் அரைத் திட்டவிலக்கம் வேறுபடுகின்றன என்று கொள்வோம்; கல்வி ஆய்வில் இது மிக நல்ல வேறுபாடு. குழுவுக்கு 12 பேரை வைத்துக்கொண்டு 5 சதவீத எல்லையில் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான். ஐந்தில் நான்கு முறை நீங்கள் வெறுங்கையோடு திரும்பியிருப்பீர்கள். அந்த வாய்ப்பை 80 சதவீதமாக உயர்த்தக் குழுவுக்கு ஏறத்தாழ 64 பேர் வேண்டும். வேறுபாடு ஐந்தில் ஒரு திட்டவிலக்கம் என்ற சிறிய அளவாயின், குழுவுக்கு 390-க்கும் மேற்பட்டோர் தேவை. இந்தக் கணக்கைச் செய்து தர இலவச மென்பொருள்களே உள்ளன. ஆனால் ஆய்வு முடிந்த பிறகு அதைச் செய்வதால் பெரிய பயனில்லை.

இனிச் செய்யக்கூடியது ஒன்று: சராசரிகளின் வேறுபாட்டுக்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளியை, அதாவது உங்கள் தரவோடு ஒத்துப்போகும் வேறுபாடுகளின் வீச்சை, கணக்கிட்டுக் கொடுங்கள். அது சுழியத்தை ஒட்டிக் குறுகலாக இருந்தால், வேறுபாடு இருந்தாலும் சிறியதே என்று சொல்லலாம். ஒரு முனையில் பெரிய நன்மையையும் மறுமுனையில் சற்றே தீமையையும் தொட்டுக்கொண்டு அகன்று கிடந்தால், இந்த ஆய்வு கேள்வியைத் தீர்க்கவில்லை என்பது படிப்பவருக்குப் புரிந்துவிடும். 12 பேரைக் கொண்ட குழுக்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும்.

கேள்வி: பெரிய மாதிரி எடுத்தால் சிக்கல் எல்லாம் தீர்ந்துவிடுமா?

பதில்: இந்தச் சிக்கல் தீரும், வேறொன்று வரும். ஒரு நாணயத்தைப் 10 இலட்சம் முறை சுண்டியதில் 5,01,500 முறை தலை விழுந்தது என்று கொள்ளுங்கள். சமமான நாணயத்துக்கு எதிர்பார்ப்பு 5,00,000, திட்டவிலக்கம் 500. மூன்று திட்டவிலக்கங்கள் தள்ளி நிற்பதால் பி-மதிப்பு ஏறத்தாழ 0.003. நாணயம் சமமானதன்று என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் தலை விழும் வீதம் 50.15 சதவீதம்; இதனால் யாருடைய எந்த முடிவும் மாறப்போவதில்லை. மாறாக, 100 முறை சுண்டி 61 முறை தலை விழுந்தால் பி-மதிப்பு 0.035, முன்னதைவிடப் பலவீனமான சான்று, ஆனால் அது சுட்டும் சாய்வு பல மடங்கு பெரியது. வேறுபாடு இருக்கிறதா என்பதும், இருப்பது பொருட்படுத்தத் தக்கதா என்பதும் தனித்தனிக் கேள்விகள். விளம்பரங்களில் "புள்ளியியல்படி நிறுவப்பட்டது" என்ற சொற்றொடரைக் காணும்போதெல்லாம் இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஒரு கணக்கெடுப்பில் 20 தொடர்புகளைச் சோதித்தேன். ஒன்று மட்டும் 0.05-க்குக் கீழே வந்தது. அதை மட்டும் கட்டுரையாக்கலாமா? மேலும், தரவு சேரச் சேர அவ்வப்போது சோதித்துப் பார்ப்பது தவறா?

பதில்: 20 தொடர்புகளும் உண்மையில் இல்லாதவையாகவும், சோதனைகள் ஒன்றையொன்று சாராதவையாகவும் இருந்தால்கூட, குறைந்தது ஒன்றாவது எல்லையைத் தாண்டுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 64 சதவீதம். ஆகவே உங்களுக்குக் கிடைத்த ஒன்று எதிர்பார்க்க வேண்டியதே. மற்ற 19-ஐ மறைத்துவிட்டு அதை மட்டும் வெளியிட்டால் படிப்பவர் ஏமாற்றப்படுகிறார். எத்தனை சோதித்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். எல்லையை 20-ஆல் வகுத்து 0.0025 என்று வைக்கும் போன்ஃபெரோனி முறை எளியது, சற்றுக் கடுமையானது. எல்லாவற்றையும்விட நல்லது, அந்த ஒரு தொடர்பை மட்டும் புதிய தரவில் மீண்டும் சோதிப்பது.

அவ்வப்போது எட்டிப் பார்ப்பதும் இதே வகைதான். சமமான இடைவெளிகளில் ஐந்து முறை பார்த்து, எப்போதாவது 0.05-க்குக் கீழே வந்தவுடன் நிறுத்திக்கொள்வது என்றால், முதல் வகைப் பிழையின் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 14 சதவீதமாகிவிடும். மருத்துவச் சோதனைகளில் இடையில் பார்த்தே ஆக வேண்டிய கட்டாயம் உண்டு. அங்கே ஒவ்வொரு பார்வைக்கும் கடுமையான எல்லையை முன்னரே வகுத்துவைக்கிறார்கள். அப்படித் திட்டமிட்டுப் பார்ப்பதில் குறையில்லை.

கேள்வி: வேறுபாட்டை ஒரு திசையில் மட்டும் தேடும் ஒருமுனைச் சோதனையை எப்போது பயன்படுத்தலாம்?

பதில்: எதிர்த்திசையில் எவ்வளவு பெரிய விளைவு வந்தாலும் அதை "விளைவு இல்லை" என்றே கொள்வேன் என்று முன்கூட்டியே எழுதித்தர நீங்கள் தயாராக இருந்தால். இரு திசைகளிலும் தேடும் இருமுனைச் சோதனையில் 0.08 வந்த பிறகு அதைப் பாதியாக்கி 0.04 ஆக்குவதற்காக அன்று.

கேள்வி: டி-சோதனையா, கை-வர்க்கச் சோதனையா என்று தேர்வது எனக்கு எப்போதும் குழப்பம்.

பதில்: உங்கள் தரவு அளந்த எண்களா, எண்ணிய எண்ணிக்கைகளா என்று முதலில் பாருங்கள். எத்தனை பேர் ஆம் என்றார்கள், எத்தனை பேர் இல்லை என்றார்கள் என்பதுபோல வகைப்படுத்திய எண்ணிக்கைகளுக்குக் கார்ல் பியர்சன் 1900-இல் தந்த கை-வர்க்கச் சோதனை பொருந்தும். எண்ணிக்கைகள் மிகச் சிறியனவாக இருந்தால், தேநீர்க் கோப்பைகளுக்குச் செய்ததுபோல் நேரடியாக வழிகளை எண்ணும் ஃபிஷரின் சோதனை நல்லது. உயரம், நேரம், மதிப்பெண் போன்று அளந்தவற்றின் சராசரிகளுக்கு டி-சோதனை. டப்ளினில் கின்னஸ் மதுவடிப்பு ஆலையில் பணிபுரிந்த வில்லியம் காசெட், மிகச் சில மாதிரிகளைக் கொண்டே முடிவெடுக்க வேண்டியிருந்ததால் இதை உருவாக்கி, 1908-இல் "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் வெளியிட்டார். சிறு மாதிரியில் திட்டவிலக்கமே நம்பகமாகத் தெரியாது என்பதை இது கணக்கில் கொள்கிறது: ஐந்தே அளவீடுகள் இருந்தால் 1.96-க்குப் பதிலாக 2.78-ஐத் தாண்ட வேண்டும்.

சோதனையின் பெயரைவிட முக்கியம் அளவீடுகள் ஒன்றையொன்று சாராதவையா என்பது. ஒரே நபர்களைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்திருந்தால், அவர்களை இரு தனிக் குழுக்களாகக் கருதாமல் ஒவ்வொருவரின் வேறுபாட்டையும் எடுத்து இணைச் சோதனை செய்ய வேண்டும். பத்துப் பேரை ஆளுக்குப் பத்து முறை அளந்துவிட்டு மாதிரியின் அளவு 100 என்று எழுதுவது, ஆய்வேடுகளில் நான் அடிக்கடி காணும் பிழைகளில் மிகவும் சேதம் விளைவிப்பது.

கேள்வி: கடைசியில் முடிவை எப்படி எழுத வேண்டும்? ஒரு மாதிரி வாக்கியம் தர முடியுமா?

பதில்: "ஒவ்வொரு குழுவிலும் 32 பேர் இருந்தனர். பயிற்சி பெற்ற குழுவின் சராசரி மற்ற குழுவின் சராசரியைவிட 4.2 மதிப்பெண் அதிகம். வேறுபாட்டின் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 0.4 முதல் 8.0 வரை, இருமுனை டி-சோதனையில் பி-மதிப்பு 0.03." இது போதும். வேறுபாட்டின் அளவு முதலிலும் பி-மதிப்பு கடைசியிலும் வந்திருப்பதைக் கவனியுங்கள்; நான் பார்க்கும் ஆய்வேடுகளில் பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது, பலவற்றில் அளவே இருப்பதில்லை. "0.05-க்குக் குறைவு" என்று மட்டும் எழுதாமல் கிடைத்த எண்ணையே தாருங்கள். மென்பொருள் 0.000 என்று காட்டினால் அதை அப்படியே படியெடுக்க வேண்டாம். அது மூன்று இலக்கங்களுக்கு முழுமையாக்கிய எண், சுழியம் அல்ல. "0.001-க்கும் குறைவு" என்று எழுதுங்கள்.